முறையீடு என்னும் ஜெபம்

கிறிஸ்தவ விசுவாசம் என்றதும், துன்பத்தை முகம் வாடாமல் தாங்கிக்கொள்ளும் மனநிலையே பலருடைய நினைவுக்கு வருகிறது. துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் 'எல்லாம் கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லிவிட்டுப் புறப்படுவதும், நோயாளியின் கட்டிலருகே நிற்பவர்கள் விசுவாசத்தில் தளர்ந்துவிடக் கூடாது என்று அறிவுறுத்துவதும், ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர் பெரும்பாலும் துன்பம் நீங்கிய பிறகே எழுந்திருப்பதும் சேர்ந்து, அழுகைக்கும் கேள்விக்கும் கோபத்துக்கும் விசுவாசத்தில் இடமில்லை என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டன. ஆனால் கத்தோலிக்கர் விவிலியம் என்றும் பிற சபையினர் பெரும்பாலும் வேதாகமம் என்றும் வழங்கும் மறைநூலைப் பொறுமையாகப் படிப்பவர், அந்த எண்ணத்துக்கு அந்நூல் இடம் கொடுக்கவில்லை என்பதைக் காண்பார். கடவுளை நோக்கி 'ஏன்' என்றும் 'எதுவரைக்கும்' என்றும் கேட்ட குரல்களை அது மறைக்காமல், தொகுத்து, வழிபாட்டில் பாடுவதற்கென்றே கொடுத்திருக்கிறது.

இக்குரல்கள் மிகுதியாகக் கேட்கும் இடம் சங்கீதப் புத்தகம். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று அழைக்கும் இந்நூலில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றை வகைப்படுத்தி ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் குங்கல் (1862–1932), அவற்றில் மிகுதியாக இருப்பவை புலம்பல் பாடல்களே என்று காட்டினார். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவை வருகின்றன. கடவுளை விளித்தல், துன்பத்தை எடுத்துரைத்தல், உதவி கேட்டல், அவர்மேல் உள்ள நம்பிக்கையைச் சொல்லுதல், இறுதியில் துதிக்கு வருதல் என்ற ஓர் ஒழுங்கு அவற்றுக்கு உண்டு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் இந்த ஒழுங்கு முழுவதையும் கடந்துவிடுகிறது. அதன் முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. எல்லாப் பாடல்களும் இப்படித் துதியில் முடிவதில்லை. 44ஆம் சங்கீதம், தாங்கள் உடன்படிக்கையை மறக்காதிருந்தும் தோற்கடிக்கப்பட்ட மக்களின் வாயால், கடவுள் உறங்குகிறாரா என்று கேட்கிறது. 39ஆம் சங்கீதம், கடவுள் தன்னைவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டால் சற்று மூச்சு விடலாமே என்ற வேண்டுதலோடு நின்றுவிடுகிறது. 88ஆம் சங்கீதத்தின் எபிரேய மூலத்தில் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதுதான்; அதற்குப் பிறகு ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை.

இத்தகைய பாடல்களையும் உட்கொண்ட நூலுக்கு யூதர்கள் இட்ட பெயர் 'தெஹிலிம்', அதாவது துதிகள். தொகுத்தவர்களுக்கு 88ஆம் சங்கீதத்தின் இருள் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே அதைத் துதிகளின் வரிசையில் வைத்தார்கள் என்றால், கடவுளிடம் கொண்டுவரப்பட்ட முறையீடும் அவருக்குச் செலுத்தப்படும் மரியாதையின் ஒரு வகை என்று அவர்கள் கருதினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழில் உள்ள 'முறையிடுதல்' என்ற சொல்லே நல்ல துணை. முறை என்பது நீதி. முறையிடுகிறவர் நீதி வழங்கக் கடமைப்பட்டவரின் வாசலுக்கு வந்து நிற்கிறார். திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது என்ற மரபுக் கதையில், மணியோசை அரசனைப் பழிக்கும் ஓசையாக ஒலிப்பதில்லை. கேட்பதற்கு ஒரு காது உள்ளே இருக்கிறது என்ற உறுதியே அந்த ஓசைக்குக் காரணம். இறைவனிடம் உரிமையோடு கடிந்து பேசிய சுந்தரரை வன்தொண்டர் என்று போற்றும் சைவ மரபையும் நினைவில் கொண்டால், கடவுளோடு வழக்காடுவது தமிழ் வாசகர்க்கு அந்நியமான செய்தியாக இராது.

முறையீடு வேறு, முறுமுறுப்பு வேறு என்பதையும் வேதாகமம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. எகிப்திலிருந்து விடுதலை பெற்று வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேலர் தண்ணீருக்காகவும் உணவுக்காகவும் முறுமுறுத்தபோது, அவர்கள் கூடாரங்களுக்குள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். மோசேயைக் குறை கூறினார்கள். கடவுளைப் பற்றிப் பேசினார்களே தவிர அவரிடம் பேசவில்லை. சங்கீதக்காரனோ மிகக் கடுமையான குற்றச்சாட்டையும் 'நீர்' என்ற முன்னிலையில்தான் சொல்கிறான். படர்க்கைக்கும் முன்னிலைக்கும் இடையே உள்ள இந்தச் சிறிய இலக்கண வேறுபாட்டில்தான் விசுவாசத்தின் உயிர் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

யோபுவின் நூல் இந்த வேறுபாட்டின்மீதே கட்டப்பட்டது. யோபு என்றால் பொறுமை என்ற கருத்து, புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஒரு வசனத்தாலும், நூலின் உரைநடை முன்னுரையாக அமைந்த முதல் இரண்டு அதிகாரங்களாலும் நிலைத்துவிட்டது. 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் 3ஆம் அதிகாரத்திலேயே பொறுமை உடைந்து, யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்குகிறார். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் வாதமும் எதிர்வாதமுமாகவே செல்கின்றன. அவரைப் பார்க்க வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்களும் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்த செயல் அதுவே. வாய் திறந்த பிறகு அவர்கள் சொன்னவை யாவும் கேட்பதற்குப் பக்தி நிறைந்தவை: கடவுள் நீதியுள்ளவர், பாவத்துக்கே தண்டனை வரும், ஆகவே யோபு எங்கோ பாவம் செய்திருக்க வேண்டும். இன்றைக்கும் துக்க வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான். ஆனால் நூலின் முடிவில் கடவுள் எலிப்பாஸைப் பார்த்து, அவனும் அவன் தோழர்களும் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்றும், தம்முடைய ஊழியனாகிய யோபுவே பேசினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். வாதித்தவனுக்குச் சாதகமாகவும் கடவுளுக்காக வாதாடியவர்களுக்கு எதிராகவும் வந்த இந்தத் தீர்ப்பைச் சபைகள் அடிக்கடி பிரசங்கிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

யோபுவுக்குக் கடவுள் கொடுத்த விடை 'ஏன்' என்ற கேள்விக்கான விடையன்று என்பதையும் மறைக்கக் கூடாது. 38ஆம் அதிகாரம் முதல் பெருங்காற்றிலிருந்து பேசும் கடவுள் கடலின் வாசலையும், விடியலையும், காட்டு ஆடு குட்டி போடும் காலத்தையும் பற்றிக் கேட்கிறாரேயன்றி, முன்னுரையில் தமக்கும் சாத்தானுக்கும் இடையே நடந்த உரையாடலை ஓரிடத்திலும் யோபுவுக்குத் தெரிவிப்பதில்லை. முடிவில், யோபு இழந்திருந்த ஆடுகள் 7,000 என்பது 14,000 ஆகவும், ஒட்டகங்கள் 3,000 என்பது 6,000 ஆகவும் இரட்டிக்கின்றன; பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன்களும் மூன்று மகள்களுமாகப் பத்துப் பேர்தான். இறந்த பிள்ளைகள் கணக்கிலிருந்து நீங்கிவிடவில்லை, அவர்களும் யோபுவுடையவர்களே, ஆகையால் எண்ணிக்கை இரட்டிக்கத் தேவையில்லாமல் போயிற்று என்று உரையாசிரியர்கள் சிலர் விளக்குவர். அந்த விளக்கத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இழந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது என்பதைப் பெற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எருசலேம் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாபிலோனியரால் அழிக்கப்பட்டபின் எழுந்த புலம்பல் என்ற சிறு நூலும் இங்கே நினைக்கத்தக்கது. அதன் ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும், நம் ஆத்திசூடியைப் போல எழுத்து வரிசையில் அமைந்தவை; எபிரேய மொழியின் 22 எழுத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வசனங்களின் முதலில் நிற்கின்றன. கட்டுக்கு அடங்காத துயரத்தை எழுத்து எழுத்தாகப் பிடித்து நிறுத்தும் முயற்சி அது. ஐந்தாம் அதிகாரத்தில் வசனங்களின் எண்ணிக்கை 22ஆக இருந்தும் அந்த வரிசை கலைந்துபோகிறது. நூலின் நடுவே, 3ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற கருத்துடைய வசனங்கள் வருகின்றன. தமிழ்நாட்டுச் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பூப்படமும் சூரிய உதயமும் அச்சிட்டுக் கொடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் இவ்வசனங்களுக்கு நல்ல இடம் உண்டு. அதே நூல், கடவுள் தங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற ஐயத்தோடு முடிவதை எந்த அட்டையும் சொல்வதில்லை. ஆறுதல் வசனத்தை அட்டையில் அச்சிடுவது தவறன்று; அது எந்த இடிபாடுகளுக்கு நடுவே நின்று சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடும்போதுதான் அந்த வசனம் தன் எடையை இழக்கிறது.

புதிய ஏற்பாட்டில் முறையீடு இயேசுவின் வாயிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் அவர் துயரத்தில் அமிழ்ந்து, தமக்குரிய பாத்திரம் நீங்கும்படி மன்றாடியதையும், சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை, தாம் கைவிடப்பட்டதற்குக் காரணம் கேட்கும் அந்தக் கேள்வியை, உரத்த குரலில் எழுப்பியதையும் மத்தேயு, மாற்கு ஆகிய இரு நற்செய்தி நூல்களும் பதிவு செய்துள்ளன. தமிழ்ச் சபைகள் பலவற்றில் பெரிய வெள்ளிக்கிழமையன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை நடைபெறும் மும்மணி ஆராதனையில், சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு மொழிகளும் வரிசையாகத் தியானிக்கப்படுகின்றன. நான்காவது மொழி அந்தக் கேள்விதான். மூன்று மொழிகள் முன்னும் மூன்று மொழிகள் பின்னுமாக ஆராதனையின் நட்டநடுவில் அது வந்து நிற்கிறது. கடவுளின் மகனே கேட்ட கேள்வியை ஒரு சாதாரண விசுவாசி கேட்டால் அது பாவமாகுமா என்பதை அந்த நடுவேளையில் அமர்ந்திருக்கும் எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் இப்போராட்டத்தை ஒளிக்காமல் எழுதியவர்களுள் சி. எஸ். லூயிஸ் முதன்மையானவர். ஆங்கில இலக்கியப் பேராசிரியரும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதிட்டு எழுதியவருமான அவர், துன்பம் ஏன் இருக்கிறது என்பதை அறிவுபூர்வமாக விளக்கும் நூலொன்றை 1940இலேயே வெளியிட்டிருந்தார். 1956இல் அவர் மணந்த அமெரிக்க எழுத்தாளர் ஜாய் டேவிட்மனுக்கு அதே ஆண்டில் எலும்புகளில் பரவிய புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இடையில் சற்றுத் தேறி, மீண்டும் நோய் முற்றி, 1960 ஜூலை 13 அன்று 45ஆம் வயதில் அவர் இறந்தார். மனைவியை இழந்த வீட்டில் கையில் கிடைத்த நோட்டுப் புத்தகங்களில் லூயிஸ் தம் துக்கத்தை எழுதத் தொடங்கினார். நான்காவது நோட்டு நிறைந்ததும் எழுத்தை நிறுத்திக்கொண்டார். 1961இல் அது நூலாக வந்தபோது தம் பெயரை மறைத்து என். டபிள்யூ. கிளர்க் என்ற புனைபெயரை இட்டார். அவர் 1963இல் மறைந்த பிறகுதான் நூல் அவருடைய பெயரில் வெளிவந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன் துன்பத்தை விளக்கியவர், இந்நோட்டுகளில் விளக்கத்தைக் கைவிட்டுவிட்டார். தேவை மிகுந்த நேரத்தில் கடவுளின் வாசலுக்குப் போனால் கதவு சாத்தப்பட்டு உள்ளே தாழ்ப்பாள் போடும் ஓசையே கேட்கிறது என்ற பொருளில் தொடக்கப் பக்கங்களில் எழுதுகிறார். கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோமோ என்ற அச்சத்தைவிட, இருக்கிற கடவுள் இப்படிப்பட்டவர்தானோ என்று நம்பிவிடுவோமோ என்ற அச்சமே அவரைப் பெரிதும் வாட்டியது. இதைப் படித்து அதிர்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவர் எழுதியதை அழிக்கவில்லை. பின்பக்கங்களில் அமைதி சிறிது சிறிதாகத் திரும்பியபோதும், முன்பக்கங்களின் கோபத்தைத் திருத்தி மென்மையாக்கவும் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவன் பதறிப்போய் இறுகப் பிடிப்பதால் காப்பாற்ற வந்தவராலும் உதவ முடியாமல் போவதுபோல, தம்முடைய கூக்குரலே விடையைக் கேட்கவிடாமல் செய்ததோ என்று பின்னர் அவர் எண்ணிப் பார்க்கிறார். அந்த எண்ணத்தை வேறொருவர் முதல் வாரத்திலேயே அவருக்கு உபதேசமாகச் சொல்லியிருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். துக்கத்தின் வழியே நடந்து அவரே அங்கு வந்து சேர்ந்ததால்தான் அதற்கு மதிப்பு.

அன்னை தெரசாவின் அனுபவம் வேறு வகையானது. காலத்தால் இன்னும் நீண்டது. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்குச் சென்ற ரயிலில், ஏழைகளிடையே வாழும்படி இறைவன் தம்மை அழைத்ததாக அவர் உணர்ந்தார். கொல்கத்தாவில் அந்தப் பணியைத் தொடங்கிய காலத்திலேயே இறைவனின் அருகாமை அவருடைய உள்ளத்திலிருந்து மறைந்துவிட்டது. இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1997இல் இறக்கும் வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த வெறுமை நீடித்தது என்பதை, அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோதுதான் உலகம் அறிந்தது. அக்கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைச் சேர்ந்த புனித சிலுவை யோவான் இத்தகைய நிலையை 'இருண்ட இரவு' என்று பெயரிட்டு விளக்கியிருந்ததால், கத்தோலிக்க மரபில் அதைப் புரிந்துகொள்ளும் சொல் முன்பே இருந்தது. தெரசாவின் விசுவாசத்தை ஐயுற்ற சிலரின் குரல் அப்போது எழுந்தாலும், 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. விடியற்காலையில் எழுந்து செபித்து, தம் உணர்வுக்குத் தென்படாத இறைவனுக்காக நாள் முழுவதும் நோயாளிகளைக் கழுவித் துடைத்த அந்த விசுவாசத்தைக் குறைந்த விசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

இத்தனை சான்றுகள் இருந்தும் முறையீடு சபை வழிபாட்டிலிருந்து ஏன் ஒதுங்கிப்போயிற்று என்ற கேள்வியை அமெரிக்க வேத அறிஞர் வால்டர் புரூகமன் 1980களில் அழுத்தமாக எழுப்பினார். புலம்பலை இழந்த சபை கடவுளோடு கொண்ட உறவில் உண்மையை இழக்கிறது என்றும், துதி மட்டுமே அனுமதிக்கப்படும் இடத்தில் மனிதர் நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்றும் அவருடைய வாதத்தைச் சுருக்கிச் சொல்லலாம். விசுவாசித்தால் நோயும் கடனும் நீங்கும் என்று போதிக்கும் செழிப்பு உபதேசம் பரவியுள்ள இடங்களில் இந்த இழப்பு இன்னும் கடுமையானது. அங்கே நோய் நீங்காதவர் நோயோடு சேர்த்து, தம் விசுவாசம் போதவில்லை என்ற குற்றவுணர்வையும் சுமக்க வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு நோய்க்கு மருத்துவரிடம் போவதே அவிசுவாசம் என்று நினைத்து வீட்டுக்குள் முடங்குவோரும் உண்டு. எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச் செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யாமல் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்க விட்டான் என்பதை இவர்களுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?

தமிழகக் கடற்கரையில் இக்கேள்விகள் புத்தகக் கேள்விகளாக இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் திருப்பயணிகளையும் வாரிச் சென்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கத்தோலிக்க மீனவ ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கடலில் இருந்தன. திரும்பாதவர்கள் பலரின் உடல்களும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 3 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மீட்பரின் வருகைக்காகக் காத்திருப்பதைப் பற்றிய வாசகங்கள் ஆலயங்களில் ஒலித்த அதே நாட்களில், கடலைப் பார்த்துக்கொண்டு வேறொரு வருகைக்காக அக்குடும்பங்கள் காத்திருந்தன. அடக்கம் செய்ய உடலும் இல்லாத அந்தக் காத்திருப்பில் 'எதுவரைக்கும்' என்ற சங்கீதக் கேள்விக்கு உரை எழுதத் தேவையில்லை.

இத்தகைய நேரத்தில் விசுவாசம் என்பதன் பொருள் என்ன? அப்படித் தமிழில் பெயர்க்கப்படும் எபிரேயச் சொற்களுள் ஒன்று 'எமுனா'. 'ஆமென்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. உறுதியாக நிற்றல், தாங்குதல் என்பவை அவ்வேரின் பொருள். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்த நாளில், மலையுச்சியில் நின்ற மோசேயின் உயர்த்திய கைகள் சோர்ந்துபோயின. அவரை ஒரு கல்லின்மேல் உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமுமாக அக்கைகளைத் தாங்கிக்கொள்ள, சூரியன் மறையும் வரை அவை அசையாமல் நின்றன என்று சொல்லும் இடத்தில் வருவது இந்த 'எமுனா' என்ற சொல்தான். தாமாக உயர முடியாத கைகளுக்கு, இரண்டு பேர் தாங்கியதால் வந்த உறுதி அது.

கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் செபநூலில், வெள்ளிக்கிழமை தோறும் படுக்கைக்குச் செல்லும் முன் சொல்வதற்கென்று 88ஆம் சங்கீதம் வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்கு மனம் மகிழ்ந்திருப்பவரும் அதைச் சொல்லியாக வேண்டும். தம் இருளைச் சொல்ல வாய் வராமல் எங்கோ விழித்துக் கிடக்கும் ஒருவருக்காக அவர் அந்தச் சொற்களைச் சொல்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்காக வேறொருவர் சொல்ல வேண்டியிருக்கலாம்.